பாகுப் பதமும் பத்து நிமிடமும்

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது, மன்னார்குடியில் இருக்கும் அத்தையிடம் அதிரசத்துக்குப் பக்குவம் கேட்டேன். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. கண் மங்கிவிட்டதால் எழுதி அனுப்ப முடியாது. பேரன் பழக்கிக் கொடுத்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஓடிய குரல் பதிவு அது. தாம்பரம் போகும் மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி, வேகத்தை இரண்டு மடங்காக வைத்துக் கேட்டேன். மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. பச்சரிசி ஒரு கிலோ, பாகு வெல்லம் முக்கால் கிலோ, சுக்கு, ஏலக்காய், எள் என்று குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அரிசியை ஊறவைத்து, மின்விசிறிக்கு அடியில் துணி விரித்து உலர்த்தி, ஈரம் போவதற்குள் மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன். இரவு பதினோரு மணிக்குப் பாகு காய்ச்சி மாவைக் கலந்தேன். காலை ஆறு மணிக்கு எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாயிற்று. முதல் அதிரசம் எண்ணெயில் விழுந்ததும் ஓரம் விரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுதும் பிரிந்து சட்டி அடியில் கசடாகப் படிந்தது. இரண்டாவதும் அப்படியே. தீயைக் கூட்டிப் பார்த்தேன். வெளியே கருகியது, உள்ளே பச்சை மாவாகவே இருந்தது. ஒரு கிலோ அரிசியும் போயிற்று.

அன்று மாலை அந்தப் பதிவை அத்தை பேசிய வேகத்திலேயே மறுபடி கேட்டேன். இரண்டு பதிவும் ஒன்றா என்று சந்தேகம் வந்தது. பாகைப் பற்றிச் சொல்லிவிட்டு அத்தை சிறிது நேரம் பேசாமல் இருக்கிறார். பின்னால் தெருவில் கீரைக்கார அம்மாவின் குரல் கேட்கிறது. "இரு வரேன்" என்று யாரிடமோ சொல்கிறார். திரும்பி வந்து, விட்ட இடத்தை யோசித்துப் பிடித்து, மெதுவாகச் சொல்கிறார்: "பாக ஊத்திக் கிளறி, மேல நெய்யத் தடவி, துணியக் கட்டி வச்சிட்டீன்னா உன் வேல முடிஞ்சிது தம்பி. அதுக்கப்புறம் மாவு அது வேலயப் பாக்கும். மூணு நாளைக்கு அந்தப் பக்கமே போவாத."

முதல் முறை கேட்டபோது இந்த வரி காதில் விழவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். விழுந்தது. மிக்ஸியும் ஃபிரிட்ஜும் இல்லாத காலத்துப் பேச்சு என்று தள்ளிவிட்டேன். அந்த மூன்று நாளில் மாவு என்ன செய்கிறது என்று நான் யோசிக்கவில்லை. இடித்த அரிசியின் ஒவ்வொரு துகளும் பாகை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். தனித்தனியாக இருக்கும் மாவும் வெல்லமும் ஒரே பொருளாக ஆகவேண்டும். அப்படி ஆனபிறகுதான் சூடான எண்ணெயில் விழும்போது அது பிரியாமல் நிற்கும். நம் கை அங்கே எதையும் செய்ய முடியாது. துணியைக் கட்டி வைத்துவிட்டு விலகி இருக்கத்தான் முடியும்.

அத்தை அந்த ஆறு நிமிடத்தில் பதம் என்ற சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எண்ணவில்லை. பல முறை. நேரத்தை ஒருமுறைகூட நிமிடத்தில் சொல்லவில்லை. எத்தனை நிமிடம் பாகு கொதிக்க வேண்டும் என்று நான் குறித்து வைத்திருந்த தாளில் கேள்விக்குறிதான் இருந்தது. அத்தையின் பதில் வேறு மாதிரி இருக்கிறது: ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துக்கொள், அதில் ஒரு சொட்டு பாகை விடு, கரையாமல் கையால் திரட்டி உருட்ட வந்தால் இறக்கு. அதையும் தாண்டி உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வருமானால் அது கடலை உருண்டைக்கு ஆகும், அதிரசம் கல்லாகிவிடும்.

நம் மொழியில் இந்தச் சொல் சமையலறையோடு நிற்பதில்லை. உழவுக்கு முன் மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்துப் பார்த்துப் பதம் சொல்வார்கள்; ஈரம் கூடினால் கொழுவில் ஒட்டும், குறைந்தால் கட்டி கட்டியாகப் பெயரும். அரிவாள் அடிக்கும் கொல்லர் இரும்பின் நிறத்தைப் பார்த்துப் பதம் கண்டு தண்ணீரில் தோய்ப்பார். தோலைப் பதனிடுகிறோம், ஊறுகாயைப் பதப்படுத்துகிறோம். எல்லா இடத்திலும் பொருள் ஒன்றுதான்: செய்கிறவன் அவசரத்துக்குப் பொருள் வராது, பொருள் தயாராகும் நேரத்துக்குச் செய்கிறவன் காத்திருக்க வேண்டும். நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம் தினமும் அறிவிக்கிற ஈரப்பதத்திலும் அதே சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த மையத்தின் வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் அங்கே நிறுவிய வான் ஆய்வுக்கூடத்தின் மிச்சம். தமிழிலும் அதில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். இந்தியா முழுமைக்கும் ஒரே கடிகாரம் வந்த கதையில் இந்த இடத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது சென்னையில் இருக்கும் பலருக்கே தெரியாது.

நேரத்தை அளப்பது நமக்குப் பழைய வேலைதான். நாள் ஒன்றுக்கு 60 நாழிகை. நாழிகை ஒன்றுக்கு இன்றைய கணக்கில் 24 நிமிடம். நீர் ஒழுகும் வட்டிலைப் பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டில் பார்க்கலாம். ஆனால் அது பாசறைக்கும் அரண்மனைக்கும் வேண்டிய கணக்கு. மற்றவர்களுக்குச் சூரியன் இருந்தது. உச்சிப்பொழுது என்பது ஒவ்வோர் ஊருக்கும் அந்தந்த ஊர்த் தலைக்குமேல் சூரியன் வரும் நேரம். தஞ்சாவூரின் உச்சிப்பொழுதும் சென்னையின் உச்சிப்பொழுதும் நான்கைந்து நிமிடம் வேறுபட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

ரயில் வந்ததும் நஷ்டம் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஒரே தடத்தில் இரண்டு ரயில்கள் எதிரும் புதிருமாக வரும்போது, இரண்டு ஊர் நிலைய அதிபரும் வெவ்வேறு கடிகாரம் வைத்திருந்தால் ஆபத்து. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையில் மதராஸின் நேரம் நடுவாக அமைந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து நுங்கம்பாக்கத்தில் கணித்த மதராஸ் நேரம், அதாவது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்திய நேரம், ரயில்வேயின் நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரம் முந்திய இந்தியப் பொது நேரம் வந்தது. சென்னை ஒன்பது நிமிடத்தை விட்டுக்கொடுத்து ஏற்றுக்கொண்டது. கல்கத்தா தன் சொந்த நேரத்தை 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் விடாமல் வைத்திருந்தன. ஓர் ஊர் தன் உச்சிப்பொழுதை விட மாட்டேன் என்று அத்தனை ஆண்டு பிடிவாதமாக நின்றதைப் படிக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

கடிகாரத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நெஞ்சு வலிக்கிறவருக்கு 108 ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது. ரேஷன் கடையிலும் தாலுகா அலுவலகத்திலும் ஓர் ஏழையை அரை நாள் நிற்கவைப்பதற்கு நிதானம் என்று பெயர் சூட்டக் கூடாது. அது அவருடைய கூலியைப் பிடுங்குவது. என் கவலை வேறு. நம் பொது வாழ்க்கைக்காக வந்த கடிகாரம், அதற்கு வேலையே இல்லாத இடங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. மாவு புளிக்கும் பாத்திரத்துக்குள், குழந்தை சாப்பிடும் தட்டுக்குள், அத்தையின் பேச்சுக்குள்.

வேகத்தைக் குறைப்பதுதான் சரியான வழி என்று இன்றும் நின்று காட்டுகிற ஓர் எந்திரம் நம்மிடம் இருக்கிறது. இந்த ஆண்டு பிப்ரவரியில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போனேன். காலை ஏழு மணிக்குமேல் கிளம்பிய வண்டி, 46 கிலோமீட்டரைக் கடந்து உதகை சேரும்போது பகல் பன்னிரண்டு. பஸ்ஸில் போயிருந்தால் பாதி நேரம்கூட ஆகியிருக்காது. 208 வளைவு, 16 குகை, 250 பாலம் என்று ரயில்வே கணக்கு வைத்திருக்கிறது. குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் பாதை திறந்தது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கல்லாறு வரை அது மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடுகிறது. கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டை தொடங்குகிறது. இன்ஜினின் பற்சக்கரம் அந்தப் பட்டையைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டரை அடி முன்னால் போனால் ஓர் அடி உயரும் சரிவு. வழுவழுப்பான சக்கரம் மட்டும் அங்கே பிடித்து நிற்காது. இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் என்ன இருக்கிறதென்று அதை ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்கிறார். முன்பெட்டிக்காரர் காட்டும் கொடியைப் பார்த்து அடுத்தவர் காட்டுகிறார். இப்படிச் சைகை பெட்டி பெட்டியாகக் கைமாறி டிரைவருக்குப் போகிறது. பல் பட்டையில் ஏறும்போது வண்டியின் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர். சைக்கிள் மிதிக்கும் வேகம்.

எதிர் இருக்கையில் ஒரு தாத்தாவும் பேரனும் இருந்தார்கள். முதல் அரை மணி நேரம் பையன் போனை எடுத்துக்கொண்டே இருந்தான். மலைக்குள் போனதும் சிக்னல் விட்டுப் போனது. ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லோரும் இறங்கினோம். டீ குடித்தோம். குரங்கு ஒன்று யாருடைய வடையையோ பறித்துக்கொண்டு கூரையேறியது. பையன் இன்ஜின் பக்கம் போய், தண்ணீர்க் குழாயைப் பிடித்திருந்தவரிடம் எவ்வளவு லிட்டர் பிடிக்கும், ஏன் பாதி வழியில் பிடிக்க வேண்டும், கீழேயே நிரப்பினால் என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவரும் கையிலிருந்த வேலையை விடாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வண்டி திரும்பக் கிளம்பியபோது பையன் தாத்தாவுக்கு அதையெல்லாம் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தான். தாத்தா ஏற்கனவே அறிந்த விஷயமாக இருக்கலாம். குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பஸ்ஸில் போயிருந்தால் அந்தப் பேச்சு நடந்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. பேச நேரம் வேண்டும் என்பது மட்டும் காரணமல்ல. வண்டி நின்று தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால்தான் கேட்கவும் கேள்வி வரும்.

நம் சங்கீதத்தில் மெதுவுக்கு விளம்பம் என்று பெயரிட்டு, அதைத் தேர்ச்சியின் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். வேகமாகப் பாடுவதைவிட விளம்பக் காலத்தில் தாளம் நழுவாமல் பாடுவது கடினம் என்று வித்வான்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் வாசித்தவர். அவர் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடத்தான் இடம். அந்த மூன்று நிமிடத்துக்குள்ளும் அவர் தோடியைக் காட்டினார் என்பது அவர் மேதைமை. ஆனால் தட்டில் கேட்டதே தோடி என்று ஒரு தலைமுறை நினைத்துவிடும் ஆபத்தும் அங்கேதான் ஆரம்பித்தது. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது ஒலிபெருக்கி கிடையாது. மெல்லிய நாதம். கேட்க வந்தவர்கள் தங்கள் அசைவை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்கிறவர்களும் அன்று பாதி வேலையைச் செய்தார்கள்.

இனி பத்து நிமிடத்துக்கு வருகிறேன்.

சென்ற நவம்பர் மழையில் ஒரு மாலை, ரசத்துக்குக் கொத்தமல்லி இல்லை என்று செயலியில் ஒரு கட்டு போட்டேன். தனியாக ஒரு கட்டு மட்டும் தர மாட்டார்கள் என்பதால் பிஸ்கட்டும் சோப்பும் சேர்த்தேன். பத்து நிமிடத்தில் வருமென்று திரையில் ஒரு வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பன்னிரண்டு நிமிடம் கழித்துக் கதவைத் தட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கும். தலை முதல் கால்வரை சொட்டிக்கொண்டு நின்றான். பையை மட்டும் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்திருந்தான். "லேட்டாயிடுச்சு, சாரிண்ணா. வண்டி ஆஃபாயிடுச்சு, தள்ளிட்டு வந்தேன்" என்றான். உள்ளே வந்து ஒரு காபி குடிக்கச் சொன்னேன். "இல்லண்ணா, அடுத்த ஆர்டர் விழுந்துருச்சு" என்று படியில் இறங்கி ஓடினான். எனக்குக் கொத்தமல்லி இல்லாமல் ரசத்தை இறக்கியிருக்கத் தெரியும். என் பாட்டி எத்தனையோ நாள் அப்படித்தான் இறக்கினார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தை யார் வேகமாக வாழ்ந்தது? நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். என் அவசரத்தை வேறொருவன் தன் உடம்பில் தாங்கிக்கொண்டு தண்ணீருக்குள் வண்டியைத் தள்ளினான். ஒரு டெலிவரிக்கு இவ்வளவு என்று கூலி. நின்றால் வருமானம் நிற்கும். அவனிடம் போய் நிதானமாக வாழ் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தமிழக அரசு 2023-ல் இந்தத் தொழிலாளர்களுக்கென ஒரு நல வாரியம் அமைத்தது. சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் அவர்கள் உட்கார்ந்து மூச்சுவிடக் குளிரூட்டிய ஓய்வறை ஒன்றைத் திறந்தது. நல்ல காரியம்தான், மற்ற இடங்களுக்கும் வரவேண்டும். ஆனாலும் உள்ளே உட்கார அவர்களுக்கு நேரம் கிடைப்பது, ஆர்டர் போடுகிற நம் கையில் இருக்கிறது.

மெதுவான வாழ்க்கை என்று இன்று பேசுகிறவர்கள் இத்தாலியிலிருந்து தொடங்குவது வழக்கம். 1986-ல் ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்தபோது, கார்லோ பெத்ரீனியும் நண்பர்களும் அதை எதிர்த்தார்கள். கடை திறக்கத்தான் செய்தது. 1989-ல் பாரிஸில் பல நாட்டார் கூடி 'ஸ்லோ ஃபுட்' இயக்கத்தின் பிரகடனத்தில் கையெழுத்திட்டனர். நத்தை அவர்கள் சின்னம். பிறகு 1999-ல் சில இத்தாலிய ஊர்கள் சேர்ந்து, தங்கள் ஊரையே நிதானமாக நடத்துவது என்று 'சித்தாஸ்லோ' என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. ஐம்பதாயிரம் பேருக்குக் குறைவான ஊர்களுக்கு மட்டும் அதில் இடம். பெத்ரீனி சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேகத்தைப் பற்றியதே இல்லை. உணவு நன்றாக இருக்கவேண்டும், மண்ணைக் கெடுக்காமல் இருக்கவேண்டும், விளைவித்தவனுக்கு நியாயமான விலை கிடைக்கவேண்டும் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னார். மூன்றாவதை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால், மலையில் விலையுயர்ந்த விடுதியில் இரண்டு நாள் தங்கி, போனை அணைத்து வைத்துவிட்டு வருவதோடு நிதானம் முடிந்துவிடும்.

அந்த மூன்றாவதை நான் காஞ்சிபுரத்தில் பார்த்தேன். பிள்ளையார்பாளையம் பக்கம், தறி போட்ட ஒரு வீடு. குழித்தறியில் கால் மிதித்தபடி அவர் நெய்துகொண்டிருந்தார். மறுபக்கம் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா. ஒருவர் எறியும் நாடாவை மறுபக்கத்தவர் வாங்கித் திருப்பி அனுப்ப, உடல் இழையும் கரை இழையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கொக்கி போல் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் துணி நைந்தாலும் கரை தனியாகக் கழன்று வராது என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதிரசத்து மாவும் பாகும் போலத்தான் அதுவும். ஒரு புடவைக்கு வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம்வரை ஆகும். பாவுக்குக் கஞ்சி போட்டு விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவதும் அதற்கு முந்திய வேலைகளும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

"பொறுமையான வேலை" என்று நான் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "பொறுமையெல்லாம் எங்களுக்குப் பழகிடுச்சு சார். அந்தப் பதினஞ்சு நாளுக்கு அடுப்பு எரியணுமில்ல" என்றார். கூலி புடவைக் கணக்கு. நாளாக ஆக நாள் கூலி குறையும். இருவர் உழைப்புக்கு ஒரு கூலி. விசைத்தறியில் ஓட்டிய போலிப் புடவை அதே நிறத்தில் பக்கத்துக் கடையில் தொங்குகிறது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிவைக்கும் சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் கோர்வைத் தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. மறுபக்கம் உட்கார ஆள் கிடைக்கவில்லை. அவர் மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போகிறான். அவனைக் குறைசொல்ல அவரும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை.

திரும்பி வரும் வழியில் மழையில் வந்த பையனையும் இவரையும் சேர்த்து நினைத்துக்கொண்டே வந்தேன். ஒருவன் என் அவசரத்துக்கு விலை கொடுக்கிறான். இன்னொருவர் நான் ரசித்துப் பேசும் நிதானத்துக்கு விலை கொடுக்கிறார். இரண்டு கணக்கிலும் நான் கொடுத்தது எதுவும் இல்லை. மெதுவாக வாழவேண்டும் என்று நினைக்கிறவன் முதலில் இந்தக் கணக்கைத் தீர்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. காத்திருப்பது என் பங்காக இருக்கவேண்டும். காத்திருந்து வாங்கும் பொருளுக்கு அதன் நாட்களையும் சேர்த்து விலை கொடுக்கவேண்டும்.

அதனால் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வேண்டியதை வாரத்துக்கு ஒருமுறை எழுதி, தெருமுனை அண்ணாச்சி கடையில் நடந்து போய் வாங்குகிறேன். மறந்ததை அடுத்த வாரம் வாங்கிக்கொள்வது. கொத்தமல்லித் தொட்டி ஒன்று பால்கனியில் இருக்கிறது; விதையை இரண்டாக உடைத்துப் போட்டால் பத்துப் பதினைந்து நாளில் முளை எட்டிப் பார்க்கும், கிள்ளும் அளவுக்கு வளர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வீட்டில் யாருக்கேனும் பட்டு எடுக்கவேண்டுமென்றால் மூன்று மாதம் முன்பே காஞ்சியில் கூட்டுறவுச் சங்கத்தில் போய் எடுப்பதென்று மனைவியும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அலுவலகத்தில் இதெல்லாம் நடக்காது. அங்கே எல்லாமே நேற்றே முடிந்திருக்க வேண்டும். மாலை ஏழு மணிக்குமேல் வரும் செய்திகளுக்குக் காலையில் பதில் சொல்வது என்று ஒன்றை மட்டும் கடைப்பிடிக்கிறேன். முதல் மாதம் சிலருக்குக் கோபம் வந்தது. பிறகு அவர்களும் காலையிலேயே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்.

குரல் பதிவுகளை இரட்டிப்பு வேகத்தில் கேட்பதை விட்டுவிட்டேன். மனிதர்கள் பேசும்போது நடுவில் விடும் இடைவெளியில் என்னென்னவோ இருக்கிறது. அத்தை எதற்கு முன்னால் தயங்குகிறார், எந்தப் பெயரைச் சொல்லும்போது தொண்டையைச் செருமுகிறார், மூச்சு வாங்குவது போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். இரண்டு மடங்கு வேகத்தில் எல்லாக் குரலும் ஒரே வயதாகிவிடுகிறது. உங்களுக்கும் ஊரிலிருந்து அப்படி யாராவது பேசி அனுப்புகிறார்கள் என்றால், ஒருமுறையாவது அவர்கள் வேகத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தீபாவளிக்கு அதிரச மாவை நான்கு நாள் முன்பே கலந்துவிட்டேன். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தபோது, அத்தையைப் போனில் கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். "கையில ஒட்டுதா?" என்றார். ஒட்டவில்லை என்றேன். "அப்ப எறக்கு." நெய்யைத் தடவித் துணி கட்டிச் சமையலறை மூலையில் வைத்திருக்கிறேன். இன்று இரண்டாவது நாள். இன்னும் திறக்கவில்லை.